கக்குறதுக்கு ஒரு பேரு

"…ரிஃப்ளக்ஸாம்ல, ரிஃப்ளக்ஸு! கக்குறதுக்கு ஒரு பேரு. அந்தப் பேரச் சொல்ல ஒரு டாக்டரம்மா. டாக்டரம்மாவப் பாக்க ஒரு டோக்கன். டோக்கன் குடுக்க அங்க ஒருத்தி… நகத்தப் பாரேன் அவளுக்கு! அத வச்சுக்கிட்டு எப்படித்தான் தட்டுறாளோ கம்ப்யூட்டர. சரி, நமக்கெதுக்கு. நான் என்ன சொல்ல வந்தேன்… புள்ளய நிமித்திப் பிடி. நிமித்தி! இன்னும் கொஞ்சம். ஆங்."

இவள் குழந்தையைத் தோளில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாள். ஏற்கெனவே நிமிர்த்தித்தான் பிடித்திருந்தாள். ஆனாலும் நாத்தனார் சொல்லிவிட்டால் மறுபடி ஒரு தடவை நிமிர்த்தியாக வேண்டும். புருசனின் அக்கா. மருந்துக்கடையில் பில் போடுகிறவள். டப்பா நிறத்தை வைத்தே எது என்ன மருந்து என்று சொல்லிவிடுவாள். அதனால் டாக்டர்கள் எல்லாரும் அவளுக்கு அரைகுறைதான்.

இன்றைக்கு இந்த ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பதும் அவள் சொல்லித்தான். தாய்ப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் கக்குகிறது, எடையும் ஏறவில்லை. இன்றோடு அதை நிறுத்திவிட்டு முழுக்க டப்பாப்பாலுக்கு மாறிவிட வேண்டும். டாக்டரிடம் நானே பேசிக்கிறேன், உனக்குத்தான் வாயே வராதே என்று கூடவே கிளம்பிவிட்டாள். 'நிறுத்த மாட்டேன் அண்ணி' என்று சொல்ல நினைத்து, சொல்ல நினைத்து, கடைசியில் இவள் பால் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

"என்ன முழிக்கிற? ஒண்ணும் பயப்படாத. உன்னக் குத்தம் சொல்லல. காப்பிய நிறுத்துன்னேன், நிறுத்துன. காரத்த நிறுத்துன்னேன், நிறுத்துன. புளிப்ப நிறுத்துன்னேன், அதுவும் நிறுத்துன. இப்ப நீ திங்கிறது வெறும் சோறும் வெந்நீரும். அப்பவும் கக்குது! அப்ப என்ன அர்த்தம்? சாப்பாட்டுல கோளாறு இல்ல, பால்லதான் கோளாறு. இதுக்கு ஒரு படிப்பு வேணுமா? தம்பியும் அதத்தான் சொல்றான். அவன் எங்க சொல்றான், நான் சொன்னேன், தலய ஆட்டுனான். பாவம் அவன். அன்னிக்கு லிப்ட்டு ரிப்பேருக்குப் போன எடத்துல, மேனேஜர் முன்னாடி குனிஞ்சிருக்கான், முதுகு பூரா திரிஞ்ச பால்! கெளம்பையில தோள்ல கக்கி வழிய விட்டுட்டாரு நம்ம சின்னவரு. மேனேஜரு மூக்கப் பொத்திக்கிட்டு, என்னப்பா, லிப்ட்டுக்குள்ள எலி செத்துக்கெடக்கான்னு கேட்டானாம். எலியாம்ல எலி! எங்க வீட்டுப் புள்ள உனக்கு எலியா? மூஞ்சியும் ஆளும்…

"எல்லாரும் யோசன சொல்ல வந்துர்றாளுங்க. கீழ் வீட்டுக்காரி என்ன சொன்னா? கட்டில் தலமாட்டுக்குச் செங்கல் முட்டுக் குடுங்க, புள்ள தல ஒசந்து இருக்கட்டும்னா. செங்கல்! இவ புருசன் கொத்தனாரு, செங்கல்ல தவிர வேற என்ன தெரியும்? வச்சோம்ல. என்னாச்சு? புள்ள சறுக்குமரத்துல போற மாதிரி சறுக்கிட்டுப் போயி கால்மாட்டுல கெடக்கு. தம்பி வேற அந்தச் செங்கல்ல இடிச்சு சுண்டுவிரல் நகம் பேந்து… நொண்டிக்கிட்டுல்ல திரிஞ்சான்! அப்புறம் இந்த டாக்டரம்மா. குடிச்சதும் படுக்கப் போடாதீங்க, நேரா வச்சுக்குங்கங்குது. புள்ளய என்ன, ஆணியடிச்சு சுவத்துலயா மாட்ட முடியும்?"

இவளுக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டும்போல் இருந்தது. நான் கொடுத்தால் கடைவாயில் கொஞ்சம் வழிகிறது, துடைத்தால் போய்விடுகிறது. மத்தியானம் நான் துணி துவைக்கிற நேரத்தில் நீங்கள் பாட்டிலில் கொடுக்கிறீர்களே, அப்போது மட்டும் ஏன் மூக்கு வழியாகவும் வருகிறது? வாயைத் திறந்தாள். "அண்ணி, மத்தியானம்…"

"மத்தியானம் கக்குறதும் உன் பாலுதான்! காலைல குடிச்சது அடி வயித்துல தங்கிக் கெடக்குமா இல்லையா? மேல டப்பாப்பால் விழுந்ததும் ரெண்டும் சண்ட போட்டு மேல வருது. இது கூடவா தெரியாது? நான் குடுக்குறதப் பத்தி ஒருத்தர் ஒரு கொற சொல்ல முடியாது. நீ குடுக்க உக்காந்தா புள்ள சப்பிக்கிட்டே இருக்கும், சப்பிக்கிட்டே இருக்கும், நீயும் தூங்கிருவ, அதுவும் தூங்கிரும். வீடு வெளங்குமா? என்கிட்ட அதெல்லாம் ஆகாது. மடக் மடக்னு நாலு மடக்கு, பாட்டில் காலி! நான் கடைக்குக் கெளம்பணும்ல?

"அந்தப் பாட்டிலும் வந்த புதுசுல சொட்டு சொட்டாத்தான் விட்டுச்சு. ஓட்ட போட்டிருக்கான் பாரு, எறும்பு குடிக்கவாடா போட்ட? எங்கிட்டயா! கோணி தைக்கிற ஊசிய எடுத்தேன், அடுப்புல காட்டுனேன், செவக்கச் செவக்க… நிப்பிள் ஓட்டையிலயே சொய்ங்னு ஒரு குத்து. ஒண்ணு பத்துமா? சுத்தி நாலு குத்து. அன்னியோட தீந்துச்சு தொல்ல! இப்ப வாயில வச்ச ஒடனே கொளாயத் தொறந்த மாதிரில்ல எறங்குது. புள்ளயும் கண்ண இம்புட்டுப் பெருசா விரிச்சு என்னையே பாக்கும். பெரியத்த மேல அம்புட்டுப் பாசம்!"

இவள் அந்தக் கண்களைப் பார்த்திருக்கிறாள். துவைத்த துணியோடு வாசலில் நின்று ஒருநாள் பார்த்திருக்கிறாள். பிள்ளை மூச்சுக்குத் தவித்து முழித்த முழி அது. பாசம் என்று யார் சொன்னது!

தோளில் குழந்தை சின்னதாய் ஒரு ஏப்பம் விட்டது.

"ஏன் சார், ஒங்க புள்ளக்கி மூக்கு ஒழுகுது, நீங்க போனையே நோண்டிக்கிட்டு இருக்கீங்களே! தொடச்சு விடுங்க. இதுக்கு ஒண்ணுமில்ல சார், பச்ச டப்பா ஒண்ணு வரும், எங்க கடையில…" நாத்தனார் பின்வரிசைப் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நகக்காரி நம்பரைக் கூப்பிட்டாள். இவள் நாற்காலிக்கடியில் இருந்த பையை எடுத்தாள். சத்தமில்லாமல் எழுந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

"உக்காரும்மா. எப்படி இருக்கான்?" என்றாள் டாக்டரம்மா.

இவள் உட்காரவில்லை. பையிலிருந்த பாட்டிலை எடுத்து, கை கழுவும் தொட்டிக்கு மேலே கவிழ்த்தாள். பால் சொட்டவில்லை. ஐந்து கம்பியாய்ச் சரசரவென்று இறங்கியது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அட கடவுளே! இப்படி ஊத்துனா எந்தப் புள்ளம்மா கக்காது? காத்தையும் சேத்துல்ல முழுங்கும். தூக்கிப் போடு இத." பிறகு குழந்தையின் வயிற்றை மெல்லத் தொட்டபடி, "தாய்ப்பாலும் குடுக்குறதானே?" என்றாள்.

"நிறுத்த மாட்டேன்."

அந்தச் சத்தம் இவளுக்கே பெரிதாகக் கேட்டது. குழந்தைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

டாக்டரம்மா சிரித்தாள். "நிறுத்தச் சொல்லி யாரும்மா சொன்னா?"

இவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் பேச்சு இன்னும் ஓயவில்லை.