அஞ்சு மார்க் போதும்

மாமனார்: வாலை ஆட்டக் கூடாதுன்னு அதுக்கிட்ட சொல்லும்மா.

மருமகள்: நான் சொன்னா கேக்குமா மாமா? முதல்ல உங்க கையில இருக்கிற பிஸ்கட்டை உள்ள வைங்க. அதைப் பாத்துதான் ஆட்டுது.

மாமனார்: இது பயிற்சிக்கு.

மருமகள்: என்ன பயிற்சி? காலையிலேர்ந்து அரை பாக்கெட் போச்சு.

மாமனார்: வாசல்ல மணி அடிச்சா ஓடிப்போய் கட்டிலுக்கு அடியில ஒளியணும். ஒளிஞ்சா ஒரு பிஸ்கட். நாலு நாளா சொல்லிக் குடுக்கிறேன். இப்பப் பாரு... டேய் மேனேஜர்! டிங் டாங்!

மருமகள்: அட, போயிடுச்சு!

மாமனார்: பாத்தியா? எப்படி?

மருமகள்: திரும்பி வந்துடுச்சு மாமா. பிஸ்கட் கேக்குது.

மாமனார்: அதான்... அந்த ஒரு இடம்தான் இடிக்குது.

மருமகள்: பயந்து ஒளியிற நாய் இப்படியா குதிச்சுக்கிட்டுப் போகும்? கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி போகுது. நாய்க் காப்பகத்துக்காரம்மா பதினோரு மணிக்கு வந்து நிக்கப் போறாங்க. இருபது நிமிஷம்கூட இல்ல.

மாமனார்: எத்தனை மார்க்குக்கு என்ன ஆகும்? இன்னொரு தடவை சொல்லு.

மருமகள்: எத்தனை தடவை சொல்றது... பத்துக்கு ஏழு வாங்கினா நாய்க்குப் பயம் தெளிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். நிரந்தரமா வளக்கறதுக்கு ஒரு வீடு பாத்து வச்சிருக்காங்க, அங்க அனுப்பிடுவாங்க. மூணோ அதுக்குக் கீழயோ வாங்கினா, நமக்கு வளக்கத் துப்பில்லைன்னு காப்பகத்துக்கே திருப்பிக் கொண்டு போயிடுவாங்க. நடுவுல நாலு, அஞ்சு, ஆறுன்னா இன்னும் மூணு மாசம் நம்மகிட்டயே இருக்கும்.

மாமனார்: ஆக, அஞ்சு.

மருமகள்: அஞ்சு. போன தடவையும் அஞ்சு, அதுக்கு முந்தின தடவையும் அஞ்சு. அப்பல்லாம் ஃபோன்ல கேட்டாங்க, வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிச்சோம். இன்னைக்கு நேர்ல வர்றாங்களே...

மாமனார்: முப்பத்தோரு வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டரா இருந்தேன்மா. லைசென்ஸ் கேட்டு வந்தவன் ஒருத்தனுக்காவது அரை மார்க் கூட்டிப் போட்டிருப்பேனா? குறைச்சுப் போட்டிருப்பேனா? என் சொந்த மச்சானையே மூணு தடவை பெயிலாக்கினேன். இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேசறதில்ல.

மருமகள்: தெரியும் மாமா.

மாமனார்: அப்பேர்ப்பட்டவன் இன்னைக்கு ஒரு நாய்க்குப் பெயிலாக டியூஷன் எடுக்கிறேன்.

மருமகள்: பெயில் இல்ல மாமா, அஞ்சு. பெயிலாக்கிடாதீங்க!

மாமனார்: அதுதானே கஷ்டம். பாஸாகவும் கத்துக் குடுக்கலாம், பெயிலாகவும் கத்துக் குடுக்கலாம். நடுவுல நிக்க யாரு கத்துக் குடுப்பா?

மருமகள்: வந்த புதுசுல இருந்த மாதிரி ஒரு மணி நேரம் இருந்தாப் போதும்.

மாமனார்: அதை ஏன் கேக்கிற... எட்டு மாசம் ஆச்சு. கூண்டைத் திறந்ததும் நேரா சாப்பாட்டு மேஜைக்கு அடியில போனது, பதினோரு நாள் எந்திரிக்கல. வர்றவங்க போறவங்களை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு, யாருக்கும் பதில் சொல்லாம... எங்க ஆபீஸ் மேனேஜர் அச்சு அசல் அப்படித்தான் இருப்பார், அதான் அந்தப் பேரே வச்சேன்.

மருமகள்: நீங்க வேற அது பக்கத்துலயே தரையில படுத்துக்கிட்டு.

மாமனார்: அந்தம்மாதானே சொன்னாங்க? கண்ணைப் பாக்காதீங்க, முதுகைக் காட்டி உட்காருங்க, அப்பப்பக் கொட்டாவி விடுங்க, நம்மால ஆபத்தில்லைன்னு நாய்க்குப் புரியும்னு. எனக்கு மூட்டு வலி. உட்கார முடியல, படுத்தேன்.

மருமகள்: தபால்காரர் எட்டிப் பாத்துட்டு, போய்ச் சேந்துட்டீங்கன்னு நெனச்சு கையைக் கட்டிக்கிட்டு நின்னாரே!

மாமனார்: அந்த நேரம் பாத்து நான் கொட்டாவி விட்டேன். அவர் போட்ட அலறல்ல நாய் இன்னும் ரெண்டு நாள் உள்ளயே இருந்துச்சு.

மருமகள்: அப்புறம் உங்க கரண்டி வித்தை.

மாமனார்: வித்தை இல்லம்மா, முறை! முதல்ல துணி மேல அரை அடி உயரத்துலேர்ந்து கரண்டியைப் போடணும். அடுத்த வாரம் ஒரு அடி. அப்புறம் துணி இல்லாம. ஃபர்ஸ்ட் கியர்ல பழகாதவன் மூணாவதுக்குப் போகக் கூடாது. இப்ப குண்டானை உருட்டி விட்டாலும் தூங்குது பாரு.

மருமகள்: அதான் நம்ம தலையெழுத்து. ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்துட்டீங்க.

மாமனார்: என் தப்புதான். ஒத்துக்கிறேன்.

மருமகள்: ஒண்ணு கேக்கட்டுமா மாமா... போனாப் போகட்டும்னு விட்டுட்டா என்ன? நல்ல வீடாம். தோட்டமெல்லாம் இருக்காம்.

மாமனார்: விடலாம்தான். உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு பாக்கிறேன்.

மருமகள்: எனக்கென்ன கஷ்டம்? உங்களுக்குத்தான். காலையில நடக்கப் போகத் துணை வேணாமா?

மாமனார்: ஆமா ஆமா. என் மூட்டுக்காகத்தான்.

மருமகள்: உங்க மூட்டுக்காகத்தான் மாமா.

மாமனார்: ...அவன் ஃபோன் பண்ணினானா?

மருமகள்: யாரு... அவரா? நேத்து பண்ணினாரு. அந்தச் சனியன் எப்ப ஒழியும்னு கேட்டாரு.

மாமனார்: என்கிட்டயும் கேட்டான். வேலை மாத்தலாகி வந்து ஒம்பது மாசமாச்சு, வீடு பாத்து வச்சிருக்கேன், பொண்டாட்டி வராம ஹோட்டல் சாப்பாட்டுல வயிறு கெட்டுப்போச்சுன்னான்.

மருமகள்: நான் என்ன மாமா பண்றது? ஒப்பந்தத்துல என் கையெழுத்து இருக்கே. வளக்கறதுக்குக் குடுத்த நாய் கையில இருக்கிற வரைக்கும், கையெழுத்துப் போட்டவங்க ஊரை விட்டு நகரக் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கு.

மாமனார்: சட்டம்னா சட்டம்தான். அதைத்தான் நானும் சொன்னேன். நாய் இன்னும் தேறலடா, கரண்டி விழுந்தா மயக்கம் போட்டுடுதுன்னேன்.

மருமகள்: மயக்கமா?

மாமனார்: கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

மருமகள்: அரை மார்க்கூட கூட்ட மாட்டேன்னீங்க?

மாமனார்: அது ஆபீஸ்ல. இது... ஐயையோ, மணி அடிக்குது! மேனேஜர், கட்டில்! ஓடு ஓடு!

மருமகள்: வாங்க வாங்க, உள்ள வாங்க.

காப்பகத்துக்காரம்மா: வணக்கம் மேடம். வணக்கம் சார். எங்க நம்ம பிள்ளை?

மருமகள்: கட்டிலுக்கு அடியில. மணிச் சத்தத்துல மிரண்டு போய்...

காப்பகத்துக்காரம்மா: அப்ப என் காலை நக்குறது யாரு?

மருமகள்: ...அதுவா? அது பயத்துல நக்குது.

காப்பகத்துக்காரம்மா: பயத்துல நக்குமா?

மாமனார்: சில பேரு மேலதிகாரியைப் பாத்ததும் குழையறதில்லையா? அந்த வகை.

காப்பகத்துக்காரம்மா: எங்க படிவத்துல அந்த வகை இல்லையே சார். இது புதுப் படிவம், பதினாலு பக்கம். தன்னம்பிக்கை மதிப்பீடுன்னு பேரு. நிபுணர் குழு ரெண்டு வருஷம் உட்கார்ந்து தயார் பண்ணினது.

மாமனார்: அவங்கல்லாம் நாய் வளக்கிறவங்களா?

காப்பகத்துக்காரம்மா: ஒருத்தர் மட்டும் மீன் வளக்கிறார். ஆரம்பிப்போமா? மணிச் சத்தம்... ஒரு மார்க்.

மருமகள்: அதுக்குள்ளயா?

காப்பகத்துக்காரம்மா: அடுத்தது குடை. திடீர்னு விரிப்பேன், பெரும்பாலான நாய் தெறிச்சு ஓடும். இதோ... ஓ. குடைக்கு அடியிலயே வந்து உட்கார்ந்துடுச்சு.

மாமனார்: ஒளியுது! பாத்தீங்களா, ஒளிய எடம் தேடுது!

காப்பகத்துக்காரம்மா: மல்லாந்து படுத்து வயித்தைச் சொறியச் சொல்லுது சார். ஒரு மார்க். துடைப்பம் இருக்கா மேடம்?

மருமகள்: துடைப்பம்னா அதுக்கு உயிர் போயிடும்ங்க. பக்கத்துலயே வராது.

காப்பகத்துக்காரம்மா: வாயில கவ்விக்கிட்டு வருதே.

மருமகள்: ...வெறுப்புல.

காப்பகத்துக்காரம்மா: சரி. அறிமுகமில்லாதவங்க தலையைத் தொடறது, தரை அதிர நடக்கிறது, நாற்காலியை இழுக்கிறது... எல்லாத்துக்கும் ஒவ்வொண்ணு. சார், நீங்க ஏன் அதைப் பாத்து கண்ணால போ போன்னு காட்டறீங்க?

மாமனார்: கண்ணுல தூசிம்மா.

காப்பகத்துக்காரம்மா: இப்பப் பாத்திரம் விழுற சத்தம். இந்தக் குண்டானைப் போடுறேன்... ம்.

மாமனார்: போச்சு! மயக்கம் போட்டுடுச்சு! நான் சொல்லல?

காப்பகத்துக்காரம்மா: குறட்டை விடுது சார். எந்திரிடா தங்கம், எந்திரி. இனிமே ஒண்ணுதான் பாக்கி, இதுதான் முக்கியமானது, மூணு மார்க். இந்த மாதிரி நாய்ங்க யாரோ ஒரு ஆம்பளை கையால அடி வாங்கி வந்ததுங்க. அதனால ஒரு ஆம்பளை கத்துற சத்தத்தை ஃபோன்ல போட்டுப் பாப்போம். எங்க டிரைவர்தான் கத்தியிருக்கார். தங்கமான மனுஷன், எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்.

மாமனார்: அது வேணாமே.

காப்பகத்துக்காரம்மா: ஏன் சார்?

மாமனார்: இல்ல... பக்கத்து வீட்டுல என்ன நெனப்பாங்க?

காப்பகத்துக்காரம்மா: பத்து செகண்டுதான் சார். போடுறேன்... "ஏய்! எங்க போய்த் தொலைஞ்ச? வா இங்க! வான்னா வரணும்! எத்தனை தடவை சொல்றது உனக்கு? வந்தேன்னா..."

மாமனார்: நிறுத்துங்கம்மா! அதை நிறுத்துங்க!

காப்பகத்துக்காரம்மா: நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். ஏன் சார் பதறுறீங்க? நாயைப் பாருங்க, காதுகூட ஆடல... உள்ள என்ன உடைஞ்சுது?

மாமனார்: டம்ளரா இருக்கும். கை தவறியிருக்கும்.

காப்பகத்துக்காரம்மா: மேடம் இங்கதானே நின்னாங்க? எப்ப சமையல்கட்டுக்குப் போனாங்க?

மாமனார்: பால் பொங்கியிருக்கும்.

காப்பகத்துக்காரம்மா: மேடம்? அங்க ஒண்ணும் ஆகலையே?

மருமகள்: இல்ல... இல்லைங்க. பாலைப்... பாக்க வந்தேன். இதோ வர்றேன்.

காப்பகத்துக்காரம்மா: அடுப்பே எரியல போலிருக்கே. அட, நாயும் எந்திரிச்சு உள்ள போகுது.

மாமனார்: போகும். அவ கால்ல சாஞ்சுக்கிட்டு உட்காரும். அது எப்பவும் அப்படித்தான்.

காப்பகத்துக்காரம்மா: நான் இந்த வேலைக்கு வந்து ஏழு வருஷத்துல இப்படி ஒரு மாற்றம் பாத்ததில்ல சார். பத்துக்கு ஒம்பது! குட்டித் தூக்கம் போட்டதுக்கு மட்டும் ஒண்ணு குறைச்சிருக்கேன், கவனக்குறைவுன்னு.

மருமகள்: ஒம்பதா...

மாமனார்: நாலு குறைச்சுக்கோங்கம்மா.

காப்பகத்துக்காரம்மா: என்ன சார், கடையில பேரம் பேசற மாதிரி பேசறீங்க? உங்க மனசு எனக்குப் புரியுது. பிரிய முடியல, அதானே? ஒரு நல்ல சேதி சொல்றேன். அந்தத் தோட்டத்து வீட்டுக்காரங்க போன வாரம் பூனை வாங்கிட்டாங்க. அதனால இவனை நீங்களே வச்சுக்கலாம். இங்க ஒரு கையெழுத்து, நாய் நிரந்தரமா உங்களுது!

மாமனார்: வேணாம்!

மருமகள்: வேணாம்ங்க!

காப்பகத்துக்காரம்மா: ...குடுக்கவும் மாட்டேங்கிறீங்க, சொந்தமாக்கிக்கவும் மாட்டேங்கிறீங்க. என்னதான் வேணும் உங்களுக்கு?

மாமனார்: அஞ்சு போடுங்க. அது போதும்.

காப்பகத்துக்காரம்மா: பொய்யா எப்படி சார் போடறது? நீங்களே ஒரு இன்ஸ்பெக்டரா இருந்தவர்.

மாமனார்: நாய் எங்களுதா ஆயிட்டா ஒப்பந்தம் தீந்துடும். தீந்துச்சுன்னா இவ கிளம்பணும். என் பையன் மறுநாளே டிக்கெட் போட்டுடுவான்.

காப்பகத்துக்காரம்மா: புருஷன்கிட்டதானே போறாங்க. நாயை நீங்க பாத்துக்க மாட்டீங்களா?

மருமகள்: விடுங்க மாமா. ஒம்பதே போட்டுட்டுப் போகட்டும். நான் போறேன்.

மாமனார்: நீ சும்மா இரும்மா.

மருமகள்: உங்களுக்குத் தெரியாது மாமா. தெரியாம ஏன் அவங்களைப் போட்டு...

மாமனார்: உன் அறைக்கும் என் அறைக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். மூணு வருஷம். அவன் கத்தினதும் கேட்டுச்சு, அதுக்கப்புறம் கேட்டதும் கேட்டுச்சு. காலையில வந்து கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லுவ. பாத்து நடம்மான்னு நானும் சொல்லுவேன்.

மருமகள்: ...தெரிஞ்சுக்கிட்டேவா அப்படிச் சொன்னீங்க?

மாமனார்: தெரிஞ்சுக்கிட்டுத்தான். மச்சானைப் பெயிலாக்க வந்த தைரியம் மகன்கிட்ட வரல. வெக்கமா இருக்கு, சொல்லிட்டேன்.

மருமகள்: அப்ப அந்த ஒப்பந்தம்... நீங்கதானே கொண்டு வந்து நீட்டினீங்க? உன் பேர்லயே போடும்மான்னு...

மாமனார்: காப்பகத்து வாசல்ல நின்னு நாலாவது பக்கத்தைப் படிச்சேன். ஊரை விட்டு நகரக் கூடாதுன்னு இருந்துச்சு. அந்த ஒரு வரிக்காகத்தான் நாயே எடுத்தேன். எனக்கு நாய்ன்னா சின்ன வயசுலேர்ந்தே நடுக்கம்மா. தரையில படுத்திருந்தேனே, பாதி நாள் எந்திரிக்கப் பயந்துதான் படுத்திருந்தேன்.

மருமகள்: மாமா...

மாமனார்: மூணு மாசம் குடுங்க. அதுக்குள்ள அவன் முகத்தைப் பாத்து நானே கேட்டுடறேன்.

காப்பகத்துக்காரம்மா: ...எங்க படிவத்துல இதுக்கெல்லாம் கட்டம் இல்லையே சார்.

மாமனார்: இருக்கிற கட்டத்துலயே எழுதுங்கம்மா. பயம் இன்னும் தெளியலன்னு போடுங்க. பேரு மட்டும் நாய் பேரா இருந்துட்டுப் போகட்டும்.