அக்காவின் நோயாளி

அக்கா: முழுங்கிடாதே... மெதுவா. விரலால உருட்டிப் பாரு, வாசனை பாரு.

தம்பி: ஒரு உலர்ந்த திராட்சைக்கு இவ்வளவு மரியாதையா? இதைக் கத்துக்கத்தான் சனிக்கிழமையானா காலேஜுக்கு ஓடறியா? மாமா பாவம்.

அக்கா: நர்ஸ் வேலையும் பாத்துக்கிட்டு மனநல ஆலோசனையில மேல்படிப்பும் படிக்கறேன்டா, கிண்டல் பண்ணாதே. மனசு கண்டபடி அலையாம இருக்கத்தான் இந்தப் பயிற்சி.

தம்பி: ஐயோ, கீழ விழுந்துருச்சு. இரு... மேஜைக்கு அடியில... எடுத்துட்டேன்.

அக்கா: இடுப்பு வலின்னு லீவு போட்ட பஸ் டிரைவர் நீ, நல்லாத்தான் குனியறே.

தம்பி: அது... விட்டு விட்டு வரும்க்கா.

அக்கா: சரி சரி. இப்ப நீ நோயாளி, நான் ஆலோசகர். பேச்சை போன்ல பதிவு பண்ணி வாத்தியாருக்கு அனுப்பணும். சொந்தக்காரங்களுக்கு நிஜமா வைத்தியம் பாக்கக் கூடாது, அதனால கற்பனையா ஒரு பிரச்சினை சொல்லு.

தம்பி: போன தடவை மாதிரி, பதிவாகறப்ப போன்ல வர்ற அந்தச் சிவப்புப் புள்ளி எரிஞ்சா எனக்கு வாய் குளறும்.

அக்கா: போன் பக்கம் பாக்காதே.

தம்பி: ம்... ஒரு லாரி டிரைவர்னு வெச்சுக்கோ. சாவியைக் கையில எடுத்தா உடனே கீழ வெச்சுடறான்.

அக்கா: எப்பலேருந்து?

தம்பி: ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு குறுக்க ஓடி வந்துச்சு. பிரேக் அடிச்சான்.

அக்கா: பட்டுச்சா?

தம்பி: இல்ல. அவளோட மஞ்சப் பை மட்டும் சக்கரத்துக்கிட்ட விழுந்துச்சு. கண்ணை மூடினா அந்தப் பைதான்...

அக்கா: அப்ப மனசுல என்ன ஓடுது?

தம்பி: அடுத்த தடவை கண்டிப்பா பட்டுடும்னு.

அக்கா: அதை நூத்துக்கு எவ்வளவு நம்பறீங்க?

தம்பி: என்ன திடீர்னு 'ங்க'... தொண்ணூறு.

அக்கா: அப்படி ஆகாதுங்கறதுக்கு ஏதாவது சாட்சி இருக்கா?

தம்பி: என் காலு... அவன் காலு, யோசிக்கறதுக்கு முன்னாடியே பிரேக்ல இருந்துச்சு.

அக்கா: வேற?

தம்பி: அத்தனை பேர் நின்னுக்கிட்டு வந்தாங்க. ஒருத்தர்கூட விழல.

அக்கா: லாரியிலயா?

தம்பி: லாரின்னா சொன்னேன்?

அக்கா: பரவாயில்ல, சொல்லுங்க. இப்ப எவ்வளவு?

தம்பி: அறுபது... எழுபதுன்னு வெச்சுக்கோ. ஆனா திங்கக்கிழமை டிப்போவுக்குப் போய் வேலைய விட்டுடறேன்னு சொல்லப் போறான். வேற தொழிலும் தெரியாது. பொண்டாட்டிகிட்ட இன்னும் வாயத் திறக்கல.

அக்கா: அதுக்கு முன்னாடி, நின்ன வண்டில சும்மா ஏறி உக்காந்து பாக்கலாமா? சாவி வேணாம். பக்கத்துல அவன் அக்கா இருந்தா?

தம்பி: ...இருந்தா உக்காருவான்.

அக்கா: டேய்... மனசு கேக்கல, சொல்லிடறேன். பதிவு பண்ணி அனுப்பற அந்தப் பாடம் போன மாசமே முடிஞ்சு போச்சு. உன் பொண்டாட்டிதான் போன் பண்ணி அழுதா. தூக்கத்துல கட்டில் சட்டத்தைப் பிரேக் மாதிரி மிதிக்கறியாம். நான் எதையும் பதிவு பண்ணலடா.

தம்பி: தெரியும்க்கா. பஸ் ஓட்டறவனுக்குச் சிவப்பு எரியுதா இல்லையான்னு பாக்கத் தெரியாதா? எரியலைன்னு பாத்துட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சேன்.