அந்த அறைத் திறப்பைத் தாருங்கள்

அவைக்குத் தலைமையேற்று, அகன்ற கதிரையில் அமர்ந்திருக்கும் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் ஸ்ரீபன் அண்ணை அவர்களே! அலையோடு அடிபட்டு முதிர்ந்த பெரியோர்களே! கருவாட்டைக் காயப்போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் அன்னையர்களே! அனைவருக்கும் புனிதமலரின் பணிவான வணக்கம்.

இன்றைய தீர்மானம் என்ன? சங்கக் கட்டடத்தில் உளவளத்துணைக்கென ஒதுக்கிய அறையைப் பூட்டி, அதற்குள் பழைய வலைகளை அடுக்குவது. ஆகா, அருமை! வலைக்கு வெயில் படக்கூடாது. மனிதருக்கு எது பட்டால் என்ன?

அந்த அறை நமக்கு எதற்கு? காரணமில்லாமல் நெஞ்சைப் பதறவைக்கும் பதகளிப்புக்கு நம்மிடமே பலவகைச் சிகிச்சைகள் உண்டே! "சும்மா யோசியாதேங்கோ" என்பது முதலாவது. சொன்ன கணமே யோசனை சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடும்! "உமக்கென்ன குறை, மூண்டு நேரமும் சாப்பிடுறீர்தானே" என்பது அடுத்தது. அதற்கும் அடங்காவிட்டால், "அவளுக்கு விசர்" என்று ஊர் முழுக்கச் சொல்வது. எத்தனை மலிவான மருத்துவம்!

அங்கே வரும் உளவளத்துணையாளர் கலிஸ்ரா மிஸ், பாவம், படித்துக் கெட்டவர். நம்மூர்ப் பெண் ஒருத்தியின் பயத்தைக் கொப்பியில் எழுதச் சொன்னார். "எல்லாரும் என்னையே பாப்பினம், நான் மயங்கி விழுவன்" என்று எழுதினாள். "இதுவரை எத்தினை தரம் விழுந்தனீங்கள்?" என்று கேட்டார். ஒருதரமும் இல்லை! இப்படி நினைப்பைக் கூண்டிலேற்றி விசாரிப்பது ஒரு வகை. மூச்சை மெல்ல விட்டு உடம்பைத் தளர்த்துவது இன்னொரு வகை. பயந்த இடத்தைப் படிப்படியாக நெருங்குவது மற்றொரு வகை: முதலில் கோயில் வாசல், பிறகு உள்ளே கடைசி வாங்கில் இருப்பது, பிறகு சந்தை. பெற்ற மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மைக்குக் கோயிலுக்குள் போக முடியாமல் கிணற்றடியில் நின்று அழுதவள் அவள்.

என்ன, பின்னாலிருந்து ஓர் அண்ணை ஏதோ கேட்கிறார்? "அந்த அறைக்கு ஒருத்தரும் போறேல்லை! போனவையின்ரை பேரைச் சொல்லும் பாப்பம்!" சொல்கிறேன், அண்ணை. புனிதமலர். பதினான்கு கிழமை, வாராவாரம் போனவளும் நான்தான், கிணற்றடியில் நின்று அழுதவளும் நான்தான்!

இப்போதும் எனக்குப் பயம்தான். மைக்கை இறுக்கிப் பிடித்திருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. கூட்டத்தின் முன் நின்று பேசுவதே என் கொப்பியில் எழுதியிருந்த கடைசிப் படி. தீர்மானத்தை வழிமொழிவேன் என்று நம்பி எனக்கு மேடை தந்த தலைவருக்குக் கோடி நன்றி!

வலைக்கு இடமில்லையா? என் வீட்டு விறாந்தையில் கொண்டுவந்து போடுங்கோ. நெஞ்சு படபடக்க, வெளியே சிரித்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்களில் எவர் பெயரையும் நான் கேட்கவில்லை. அந்த அறைப் பூட்டின் திறப்பைத்தான் கேட்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை மிஸ் வரும்போது அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்!

விரும்பிக் கேட்டவர்களுக்கும், விருப்பமில்லாமலே கேட்டவர்களுக்கும் என் நன்றி. வணக்கம். ஆனால் ஸ்ரீபன் அண்ணை, திறப்பு என் கைக்கு வரும்வரை நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.