தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் கிளினிக்கில் கொடுத்த படிவத்தில் எட்டுக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் எழுதிவிட்டேன். சாப்பாட்டில் ஒவ்வாமை கிடையாது. வீட்டில் நாய், பூனை இல்லை. அரிப்பு இடுப்பிலும் கழுத்திலும், இரண்டு வாரமாக. ஒன்பதாவது கேள்விதான் கொஞ்சம் இடிக்கிறது: ‘துணி துவைக்க வீட்டில் பயன்படுத்தும் திரவம் எது?’ அதற்கு நீங்கள் விட்டிருக்கும் இடம் அரை வரி. என் பதில் அதில் அடங்காது என்பதால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எனக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

நான் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவன். ஜனங்கள் பாட்டில் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், மூடியைத் திறந்து மோந்து பார்த்து வாங்குகிறார்கள். நான் அந்தத் துணியைப் போடப்போகிறவரின் தோலைப் பார்த்து வாங்குவேன். ஹோட்டல் சமையல்காரர்களின் எண்ணெய் ஏறிய ஏப்ரன்களுக்கு என்றே ஒரு காரமான திரவம் உண்டு, கேனில் வரும். எலுமிச்சை வாசம் தூக்கலாக இருக்கும். மூன்று தண்ணீரில் அலசினால் பச்சைப் பிள்ளைகூடப் போட்டுக்கொள்ளலாம். ஒரு தண்ணீரோடு நிறுத்திவிட்டால் காலரிலும் இடுப்புப் பட்டியிலும் தங்கிவிடும். வியர்வை பட்டதும் வேலையைக் காட்டும்.

ஓய்வு பெற்ற அன்று என் மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பால்கனியில் இரண்டு நாற்காலி, சாயங்காலம் இரண்டு டம்ளர் டீ, நாம் இரண்டு பேர். அவள் பள்ளியில் வேதியியல் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து அவள் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவளுக்கும் ஆசைதான், சரி என்றாள். நாற்காலிகள் வந்தன. அடுத்த வாரமே அவள் தம்பியும் வந்தார்.

“நாலே நாலு நாள் அத்தான். இருந்துட்டுப் போயிடறேன்” என்றார் மச்சினன்.

ஐந்தாவது மாதம் நான் அவரிடம் தேதி கேட்கவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. என் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து என் மனைவியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே அவருடைய பனியனைத் துவைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சலவை என் பொறுப்பு, அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றுதான் அவருக்கென்று தனி வாளி வைத்தேன். கேனிலிருந்து ஒன்றரை மூடி, ஒரே ஒரு அலசல்.

பத்தாவது நாள் அவரை உங்களிடம் அழைத்து வந்ததே நான்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அவர் சட்டையைக் கழற்றியதும் நீங்களே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டீர்கள். வெள்ளைக் களிம்பு எழுதிக் கொடுத்தீர்கள். வீட்டுக்குப் போகிற வழியில் நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

“இந்த ஊர் தண்ணி உங்களுக்கு ஒத்துக்கல. கொஞ்ச நாள் வேற எங்கயாவது இருந்து பாருங்களேன்.”

இரண்டே நாளில் மூட்டையைக் கட்டினார். பக்கத்து ஊரில் வீடு எடுத்தார், அரிப்பும் நின்றது. நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று எல்லோருக்கும் என்மேல் மரியாதை கூடியது.

அடுத்து வந்தவர் அவளுடைய சித்தி. கண் ஆபரேஷனுக்கு வந்தவர், கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் எங்கள் வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்க்கத் தொடங்கினார். அவருக்கு ஒரு மூடியே போதுமாக இருந்தது. வயதானவர்களின் தோல் வறண்டது, அளவு தெரிந்துதான் போட வேண்டும். அதற்குள் அலமாரியில் ஆளுக்கொரு பாட்டிலாக அடுக்கி, பெயர் எழுதி ஒட்டிவிட்டிருந்தேன். சித்தி அதைப் பார்த்து உருகிப்போனார். “மாப்பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை பாருடி. ஆளுக்குத் தகுந்த மாதிரி தனித்தனியா வாங்கி வச்சிருக்கார்” என்று முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

மூன்றாவதாக வந்தது என் மகள், ஆறு மாதக் குழந்தையோடு.

இந்த இடத்தில் நீங்கள் தாளைக் கீழே வைத்துவிடக் கூடாது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மகள் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஒரு மாதம் பேத்தியைத் தோளில் போட்டுத் தூங்கவைத்ததே நான்தான். ஆனால் ஒருநாள் என் மனைவி, பேத்தி நடக்கிற வரைக்கும் மகள் இங்கேயே இருக்கட்டும் என்றாள். மடியில் குழந்தையோடு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். இரண்டு நாற்காலியையும் மடக்கிச் சுவரோரமாகச் சாய்த்து, அந்த இடத்தில் தொட்டில் போட்டிருந்தார்கள். டீ ஆறிப்போயிருந்தது.

கால் மூடிதான் ஊற்றினேன். அதுவும் கழுத்தில் கட்டும் துண்டுக்கு மட்டும். குழந்தையின் தோல் எவ்வளவு மெல்லியது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மூன்று நாள் அழுதது. அதற்கு மேல் நான் செய்யவில்லை. தேவைப்படவில்லை. நீங்களே மகளிடம், இடத்தை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டீர்கள், நன்றி.

அவர்கள் போன அன்று என் மனைவி அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். முகத்தருகே கொண்டுபோனாள். பேத்தியின் வாசத்தைத் தேடுகிறாள் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் அவள் சொன்னது இது.

“இனிமே துணியெல்லாம் நான் பாத்துக்கறேங்க. இருபத்தாறு வருஷம் தொவைச்சது போதும். நீங்க போய் பால்கனியில உக்காருங்க.”

டாக்டர், இதற்காகத்தானே நான் இவ்வளவும் செய்தேன். உட்கார்ந்தேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். டீ சூடாக இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

இந்த அரிப்பு அதற்கு அடுத்த வாரம் தொடங்கியது. தொழில் தெரிந்தவன் என்பதால் உங்கள் மனதில் என்ன ஓடும் என்று எனக்கும் தெரியும். அதனால் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் சட்டைப் பையில் ஒருநாள் லிட்மஸ் காகிதத் துண்டு ஒன்று கிடந்தது, நீலமாக மாறியிருந்தது. காரம் பட்டால் அப்படி மாறும். அவள் வேதியியல் டீச்சர், பள்ளிக்கூடத்துச் சாமான்கள் வீடெல்லாம் இறைந்து கிடப்பது வழக்கம். இன்று காலை அவள் கட்டி வைத்த பெட்டியைத் திறந்தேன், என் சட்டைகளில் எலுமிச்சை வாசம் வந்தது. என் பாட்டிலுக்கு வாசமே கிடையாது. பெட்டி பழசு, மச்சினன் கொண்டுபோய்த் திருப்பித் தந்த பெட்டி. அந்த வாசம் ஒட்டியிருக்கும்.

பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். நேற்று என் கழுத்தில் களிம்பு தடவிக்கொண்டே அவள்தான் சொன்னாள்.

“தண்ணி ஒத்துக்கலையோ என்னவோ. கொஞ்ச நாள் வேற எங்கயாவது இருந்து பாருங்களேன். தம்பியும் கூப்பிடறான்.”

எவ்வளவு நாள் என்று கேட்டேன். நாலே நாலு நாள் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உங்களைப் பார்த்துவிட்டு இப்படியே பஸ் ஏறுகிறேன். மச்சினனிடம் போனில் பேசினேன், என் குரலைக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். “நீங்க ஒரு வேலையும் செய்யக் கூடாது அத்தான். உங்க துணிய நான்தான் தொவைப்பேன்” என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். என்ன திரவம் வாங்க வேண்டும், எத்தனை மூடி, எத்தனை அலசல் என்று அக்காவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாராம். நான் செய்ததை எல்லாம் அந்தக் குடும்பம் மறக்கவில்லை.

அதனால் ஒன்பதாவது கேள்விக்கு எதிரே ‘மிதமானது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன்.