அழுத்தினால் மாறும் வரி

நாகப்பட்டினம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சின்னவள் சொன்னதைக் கேட்டதும் நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

“எல்லா ப்ரவுசரும் ஒரே மாதிரி ஆனாத்தான் எங்க வீட்டுக்காரருக்கு லீவாம்க்கா.”

“ப்ரவுசர்னா என்னடி?”

“கம்ப்யூட்டர்ல வெப் பக்கத்தைத் திறந்து காட்டுறது. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒண்ணு வச்சிருக்கான். அழுத்துனா ஒண்ணுல மாறுற எழுத்து இன்னொண்ணுல மாறாது. எல்லாத்துக்கும் பொதுவா விதி எழுதுறாங்க. அமெரிக்காவுல இவருக்கு அந்த வேலைதான்.”

“எப்ப முடியும்?”

“அவனுங்க ஒத்துக்கணுமே. எனக்குன்னு ஒரு பக்கம் பண்ணி அனுப்பியிருக்கார். எங்க வீட்டு போட்டோ, கீழ ‘வரேன்’னு ஒரு வரி. அதை அழுத்துனா ‘வந்துட்டேன்’னு மாறணும். திருவாரூர்ல ப்ரவுசிங் சென்டருக்குப் போயி ஞாயித்துக்கிழமை தோறும் அழுத்திப் பாக்குறேன். மாறவே இல்ல.”

“வேற கம்ப்யூட்டர்ல உக்காந்து பாக்குறதுதானே?”

“போன வாரம் பாத்தேன்.”

“மாறுச்சா?”

“மாறுச்சு.”

கீழ்வேளூர் வந்துவிட்டது. சின்னவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“சட்டுனு சென்டர் வாசலைத் திரும்பிப் பாத்துட்டேன்க்கா.”