எட்டு செகண்ட் அமைதி

இல்ல தம்பி, உள்ள எல்லாம் போக முடியாது, அவரு தூங்கறாரு. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. செயலாளர்னு சொன்னீங்க இல்ல? பின்னணி இசை ரசிகர் குழுவுக்குச் செயலாளர். பகல்ல மூக்குக் கண்ணாடிக் கடை, சாயங்காலம் செயலாளர். மனுஷங்களுக்கு எவ்ளோ நேரம் இருக்கு பாருங்க.

நீங்க வந்தது எனக்கு எப்பவோ தெரியும். பெல் அடிச்சது இப்பதான், ஆனா கேட்டுக்கு வெளிய பத்து நிமிஷம் நின்னீங்க. நான் பால்கனியில துணி உலர்த்திட்டு இருந்தேன். போனைக் காதுல வச்சிருந்தீங்க, ஒரு வார்த்தை பேசல. எங்க வீட்டுக்குள்ளேருந்து என்ன சத்தம் வருதுன்னு கேட்டுட்டு இருந்தீங்க. இல்லன்னு சொல்லாதீங்க. அப்புறம் தண்ணி கேட்டீங்க. குடுத்தேன். ஒரு வாய் குடிக்கல. தாகத்துக்குக் கேட்டீங்களா, நான் சமையலறைப் பக்கம் போகணும்னு கேட்டீங்களா?

சிரிக்காதீங்க. எனக்கு சந்தேகப் புத்திதான். கான்வென்ட்ல படிச்சவ. சிஸ்டருங்க எங்களுக்கு முதல்ல கத்துக் குடுத்ததே யாரையும் முழுசா நம்பாதேன்னுதான், அப்புறம்தான் ஜபம்.

சரி, விஷயத்துக்கு வாங்க. ஞாயித்துக்கிழமையா? ஆமா, கார்டு வந்துச்சு. வருஷா வருஷம் நடக்கற கூத்துதானே. எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காருவீங்க. படம் ஓடாது, பேரு சொல்ல மாட்டாங்க, இசை மட்டும் மூணு நிமிஷம். இது யாரோடது, எந்த இடத்துல எந்த வாத்தியம் உள்ள வருதுன்னு ஆளாளுக்கு சொல்லுவீங்க, சண்டை போடுவீங்க. கடைசில எங்க வீட்டுக்காரரு கண் கட்டை அவுக்காமலே எழுந்து நின்னு, இதுதான் சரின்னு தீர்ப்பு குடுக்கணும். பதினோரு வருஷமா அவருதான். நீதிபதின்னு பட்டம் வேற. வீட்ல குழாய் ஒழுகினா காதுல விழாது, அங்க போய் நீதிபதி.

வரமாட்டாரு தம்பி. முதுகு வலி. பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல உக்கார முடியல. இல்லையே, தூங்கறாருன்னுதான் சொன்னேன். முதுகு வலியோட தூங்கறாரு. போன வாரம் போன்ல காய்ச்சல்னு சொன்னேனா? அதனால என்ன, ஒரு மனுஷனுக்கு ரெண்டும் வரக் கூடாதா? போனை ஏன் எப்பவும் நானே எடுக்கறேன்னா, முப்பது வருஷம் ஆபீஸ்ல பாலத்துக்கெல்லாம் படம் வரைஞ்ச மனுஷன், எந்நேரமும் எவனாவது கூப்பிட்டுத் தூண் எவ்ளோ உயரம்னு கேட்டுட்டே இருப்பான். அதுல போன் மேலயே ஒரு வெறுப்பு. போதுமா?

அவரு வரலன்னா? சொல்லுங்க, எதுக்கு முழுங்கறீங்க. வேற ஆளை நீதிபதியா போட்டுடுவீங்க. ஓஹோ. எட்டு மாசமா குழுப் பக்கத்துல அவரு எழுதறதுல ஒரு குழப்பம் இருக்குன்னு உறுப்பினர்ங்க பேசிக்கறாங்க. பேசிக்கறாங்களாம். நீங்க பேசல, பாவம், நீங்க தபால்காரரு.

அந்த ரயில் பட விவகாரம்தானே? தெரியும். கடைசி சீன்ல ரயில் போன அப்புறம், அந்தம்மா பிளாட்பாரத்துல தனியா நிக்கற இடம். பெரியவரு, அதான் உங்க எல்லாருக்கும் கோயில் மூலவர் மாதிரி ஒருத்தரு இருக்காரே, அவரு அறுபது பேரு ஆர்கெஸ்ட்ராவையும் கையைக் கட்டி உக்கார வச்சிட்டாரு, எட்டு செகண்ட் அமைதி, இந்தத் துணிச்சல் வேற யாருக்கு வரும்னு நாலு பக்கம் எழுதினாரு இவரு. அங்க அமைதியே இல்லைன்னு அடுத்த நிமிஷம் பிடிச்சுக்கிட்டீங்க. மேல, ரொம்ப மேல, வயலினுங்க ஒரே சுரத்தை நூல் மாதிரி இழுத்துப் பிடிச்சிருக்கு, நடுவுல அந்த முக்கோணக் கம்பி மூணு தடவை டிங்னு விழுது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிட்டுக் கேட்டாரா நீதிபதின்னு எவனோ எழுதினான். அதுக்கு நூத்திப் பன்னெண்டு பேரு சிரிப்பு பொம்மை போட்டாங்க. அதுல ஒரு பொம்மை உங்களுது தம்பி. நான் பாத்தேன்.

அதாவது, அவரு காட்டினாரு. அதனால பாத்தேன்.

எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அடுப்பு, துணி, கரண்ட் பில். இருபத்தெட்டு வருஷமா ஹால்ல அவரு கேப்பாரு, காதுல தானா விழும், அவ்ளோதான். அதுலயும் அந்தக் கப்பல் படத்துக்காரரு இசைன்னா நான் சமையலறைக் கதவைச் சாத்திடுவேன். எல்லாத்துக்கும் நாப்பது வயலின். கப்பல் மூழ்கினாலும் நாப்பது, ஹீரோ செருப்பைத் தேடினாலும் நாப்பது. பெரியவரு அப்படி இல்ல. ஒரு கதவு திறக்கப் போகுதுன்னா, அதுக்கு முன்னாடி கிளாரினெட்டை மூச்சு வாங்க விடுவாரு. வாசிக்க விடறதுக்கு முன்னாடி மூச்சு வாங்க விடறதுதான் வித்தை. இப்ப வந்திருக்கற சின்னவரு டம் டம்முனு பத்து நிமிஷம் அடிக்கறாரு, கேட்டா பயமாம். பக்கத்து வீட்ல சுவரை இடிச்சாக்கூட அதைவிட நல்லா பயம் வருது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? அவரு எழுதினதைத்தான் சொல்றேன்.

காப்பியா? யாரு காப்பி அடிச்சது? நிதானமா பேசுங்க தம்பி. அந்த அமைதி விவகாரத்துக்கு அப்புறம் மூணு வாரம் எழுதாம இருந்தாரு, பிறகு திடீர்னு வேற மாதிரி எழுதறாரு, அதனால எங்கேயோ வெளிநாட்டுப் பக்கத்துலேருந்து எடுத்துப் போடறாருன்னு சொல்றீங்க. செல்லோ வரிசை தையல் மெஷின் மாதிரி ஓடுது, ஆனா யாரும் துணியை வைக்கலன்னு எந்த வெளிநாட்டுக்காரன் எழுதுவான், சொல்லுங்க. டிரம்பெட் எல்லாம் குக்கர்ல ஆவி அடங்கறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்த மாதிரி வந்து விழுதுன்னு எவன் எழுதுவான்? அந்த வரிக்கு நான் அரை நாள்... அவரு அரை நாள் உக்காந்தாரு.

ம். முன்னாடி எல்லாம் தூணு, உத்தரம், வளைவுன்னு எழுதுவாரு, இப்ப குக்கரு, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டின்னு எழுதறாரு. அதைத்தான் துப்பறிஞ்சு கண்டுபிடிச்சீங்களா? ரிடையராகி வீட்ல உக்காந்திருக்கற ஆம்பளை கண்ணுல பாலமா படும்? குக்கர்தான் படும்.

தம்பி, ஒரு நிமிஷம். முதல்ல அந்தப் போனை நிறுத்துங்க.

டீப்பாய் மேல கவுத்து வச்சிருக்கீங்களே, அதுதான். நான் தண்ணி எடுக்கப் போனப்பவே ஆரம்பிச்சுட்டீங்க. இது நாலாவது தடவை ஓடுது. ரயில் பட கடைசி சீன். சத்தத்தை எறும்பு நடக்கற அளவுக்கு வச்சிருக்கீங்க, பாக்கறவங்களுக்கு ஓடறதே தெரியாது. உண்மையான ரசிகன்னா உள்ளேருந்து எழுந்து வந்துடுவான், வராம இருக்க மாட்டான்னு பரீட்சை வைக்கறீங்க. ஒரு பெரிய மனுஷன் வீட்டுக்கு வந்து எலிப்பொறி வைக்கறீங்க. வெக்கமா இல்ல?

இதோ, இப்ப மூணாவது தட்டு. கேட்டுச்சா? முதல் ரெண்டை விட அது ஒரு பொட்டு தள்ளி விழுது. வேணும்னுதான் தள்ளிப் போட்டிருக்காரு பெரியவரு. அந்தம்மா கைப்பையை மூடற நேரத்துக்கு.

எப்படித் தெரியும்னா, காது இருக்கு, தெரியும்.

எட்டு வருஷம் கான்வென்ட்ல பியானோ. விரல் வளையாம நீண்டா சிஸ்டர் ஸ்கேலால விரல் முட்டியில போடுவாங்க. கல்யாணம் ஆனப்ப எங்க மாமியார், பியானோவா, அதை எங்க கொண்டு போய் வைக்கறதுன்னு கேட்டாங்க. அதோட சரி. அப்புறம் இருபத்தெட்டு வருஷம் ஹால்ல அவரு கேட்டாரு, சமையலறையில நானும்தான் கேட்டேன். என்கிட்ட யாரும் அபிப்பிராயம் கேக்கல.

அதைத் தொடாதீங்க! பழைய பாலத்துப் படம் அது, சுருட்டி வச்சிருக்கு... சரி, பிரிச்சுட்டீங்க. பாருங்க. நல்லாப் பாருங்க, கண்ணாடிக் கடைக்காரர்தானே. ஆமா, பாலம் இல்ல. மேல நம்பர் போட்டிருக்கறது செகண்டு. ஒவ்வொரு கோடும் ஒரு வாத்தியம். வயலின் நீலம், ஊதற கருவி பச்சை, டிரம் சிவப்பு. எங்க கோடு ஆரம்பிக்குதோ அங்க அது உள்ள வருது, தடிமனா இருந்தா சத்தம் ஜாஸ்தி. பாலத்துக்கு வரையற மாதிரியே வரைஞ்சிருக்காரு, வேற எப்படி வரையத் தெரியும் அவருக்கு. ஓரத்துல பென்சில்ல குறிப்பு இருக்கே, சாய்ஞ்ச எழுத்து, அது கான்வென்ட் எழுத்து. என்னுதுதான்.

ஆமா. நான் கேட்டு எழுதறேன், அவரு வரையறாரு. வரைஞ்சு முடிச்சதும் அந்தப் பேப்பர் முன்னாடி அரை மணி நேரம் உக்காந்திருப்பாரு. அப்புறம் சொல்லுவாரு, இந்த இடத்துல ஓபோ வந்திருக்கணுமே, நீ புல்லாங்குழல்னு எழுதியிருக்கே, திரும்பக் கேளுன்னு. திரும்பக் கேட்டா ஓபோதான். ஒரு தடவை இல்ல, பத்து தடவை. அதனால காப்பி கீப்பின்னு இன்னொரு தடவை என் காதுல விழக் கூடாது. கேக்கறதும் எழுதறதும் நான். தீர்ப்பு அவருது. குக்கர் மட்டும் என்னுது.

ஏன் இப்படி ரெண்டு பேரா பண்றோம்னு கேக்கறீங்க. கேளுங்க, கேக்கத்தான் வந்திருக்கீங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். அந்த நீதிபதி நாற்காலியை அவர்கிட்டேருந்து எடுத்துட்டா அவருக்கு மிச்சம் என்ன இருக்குன்னு யோசிச்சீங்களா? ஆபீஸ் முடிஞ்சுது. பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா. வருஷத்துல ஒரு நாள், நூறு பேரு கண்ணைக் கட்டிக்கிட்டு, இவரு வாயைத் திறக்கறதுக்குக் காத்திருக்காங்க. ஒரு மாசம் முன்னாடியே சட்டையை இஸ்திரி போடச் சொல்லுவாரு. இந்த வருஷம் சொல்லல. கார்டை எடுத்து டிராயர்ல வச்சு மூடிட்டாரு. அதைப் பாத்துட்டுதான் நான் காய்ச்சல், முதுகு வலின்னு உங்ககிட்ட அளந்துட்டு இருக்கேன்.

இப்ப சொல்றேன், எழுதிக்கோங்க. வரோம். ஞாயித்துக்கிழமை வரோம். ஒரே ஒரு கண்டிஷன். அவருக்குப் பக்கத்துல ஒட்டினாப்ல எனக்கு ஒரு நாற்காலி. என் கை அவரு கை மேல இருக்கும். வயலினுக்குக் கட்டை விரல், ஊதறதுக்கு ஆள்காட்டி, அந்த முக்கோணக் கம்பிக்கு சுண்டு விரல். பேசி வச்சிருக்கோம், சமையலறை மேசையில பழகியும் பாத்துட்டோம். எல்லாரும் கண்ணைக் கட்டிட்டு இருக்கப் போறீங்க, எவன் பாக்கப் போறான்? பாத்தாலும் பாக்கட்டும், புருஷன் கையைத்தானே பிடிக்கறேன். ஏமாத்து வேலைன்னு உங்களுக்குத் தோணிச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க வீட்லயே இருந்துக்கறோம். அந்தச் சிரிப்பு பொம்மையை மட்டும் திரும்ப எடுத்துட்டுப் போங்க.

என்ன, தலையாட்டறீங்களா? சரி, நாற்காலி போடறீங்க. நல்லது. தண்ணியைக் குடிங்க இப்ப.

பாக்கணுமா அவரை? தூங்கல. எப்ப தூங்கினாரு. கடைசி ரூம்ல உக்காந்து வரைஞ்சுட்டு இருக்காரு, கதவுக்கு முதுகைக் காட்டிட்டு. போய்ப் பாருங்க. ஆனா கதவைத் தட்டாதீங்க. சார்னு கூப்பிடவும் வேண்டாம், பிரயோஜனம் இல்ல. கதவைத் திறந்ததும் இடது கைப் பக்கம் சுவிட்ச் இருக்கு. லைட்டை ரெண்டு தடவை அணைச்சுப் போடுங்க, திரும்பிப் பாப்பாரு.

ஆமா தம்பி. ஒன்பது மாசமாச்சு. முதல்ல மேல இருக்கற சுரமெல்லாம் போச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா இறங்கி வந்துச்சு. நரம்பாம். காதுல மெஷின் வச்சா பேச்சு கொஞ்சம் புரியுது, இசை தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டற மாதிரி இருக்குன்னு கழட்டி வச்சுட்டாரு. பொண்ணுக்கே இன்னும் சொல்லல. நீங்க எல்லாரும் சிரிச்சீங்களே, அந்த எட்டு செகண்ட், அதுல அவரு பொய் எழுதல. அங்க அவருக்கு ஒண்ணுமே கேக்கல. பெரியவருதான் வேணும்னே நிறுத்தி வச்சிருக்காருன்னு நெனச்சு, அந்த அமைதி எவ்ளோ அழகுன்னு என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, கண்ணுல தண்ணி வரக் கேட்டாரு மனுஷன். எனக்குப் பக்கத்துலயே அந்தக் கம்பி மூணு தடவை அடிச்சுது. நான் வாயைத் திறக்கல.

போங்க, ஏன் நிக்கறீங்க. ரெண்டு தடவைதான். மூணு தடவை போட்டுடாதீங்க, நான் சாப்பிடக் கூப்பிடறேன்னு நெனச்சு எழுந்து கை கழுவப் போயிடுவாரு.