தட்டிக் கேக்க ஆளில்ல

...அதத்தாங்க சொல்றேன், மனுஷன்னா கோவம் வரணுமா இல்லியா? தலைய இன்னும் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க, பின்பக்க முடிய வெட்டணும்... எங்க வீட்டுக்காரருக்கு இப்பல்லாம் வர்றதே இல்லீங்க. நான் ஒண்ணு சொன்னா ஒம்போது திருப்பிச் சொன்ன மனுஷன்! இப்ப நான் வாயத் தொறந்தாப் போதும், ரெண்டு விரலால புருவத்துல டொக்கு டொக்குனு தட்டிக்கிறாரு. அப்புறம் கண்ணுக்குக் கீழ, மூக்குக்குக் கீழ, தாடையில, கழுத்தெலும்புல... உள்ள யாரு இருக்காங்கன்னு தட்டிப் பாக்கறீங்கன்னு கேட்டேன். சிரிக்கறாரு. பத்திக்கிட்டு வருமா, வராதா?

அசையாதீங்க, காது பத்திரம். ம்... எங்க விட்டேன்? ஆங், அந்த எடமெல்லாம் தட்டினா மனசு லேசாயிடுமாம், கோவத்த அடக்கற வகுப்புல சொல்லிக் குடுத்தாங்களாம். நேத்து சட்டி அடிபிடிச்சு வீடு பூரா பொகை. நாந்தான் எங்கக்காவோட போன்ல பேசிக்கிட்டே அடுப்ப மறந்துட்டேன், அது வேற விஷயம். பழைய ஆளா இருந்தா வீடே ரெண்டாயிருக்கும். இவரு ஒரு கையால தட்டிக்கிட்டே, இன்னொரு கையால ஜன்னலத் தொறந்து விட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. முன்னெல்லாம் அழுதா என் முதுகத் தட்டிக் குடுப்பாரு. இப்ப தன்னைத்தானே தட்டிக்கிறாரு!

தட்டிக் கேக்க ஆளில்லன்னா தம்பி சண்டப்பிரசண்டன்னு சொல்லுவாங்க. என்னத்த சண்டப்பிரசண்டன்? செவுத்துகிட்டயா போயி மல்லுக்கு நிக்கறது?

அந்த வகுப்புல யாரு சேத்துவிட்டதுன்னு பாக்கறீங்களா? நாந்தான். எதுத்து எதுத்துப் பேசறாரே, கொஞ்சம் அடங்கட்டும்னு... சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன்.

இன்னிக்குக் காலையில பாத்ரூம் கதவுல காத வச்சேன். தட்டறப்போ ஒரு வாக்கியம் சொல்லணுமாம், எது மனச அழுத்துதோ அத. ஆபீஸ் தொல்லையா இருக்கும்னு பாத்தா, "இவ எவ்வளவு பேசினாலும் நான் என்னை முழுசா ஏத்துக்கறேன்"னு சொல்லிக்கிட்டு இருக்காரு. நான் பேசறேனாம்! நீங்களே சொல்லுங்க. மொத தடவ வர்றீங்க, வந்ததுலேருந்து உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை கூடுதலா...

ஏங்க, போத்தின துணிக்குள்ள என்ன கை ஆடுது? முடி குத்துதா? இருங்க, தூக்கிப் பாக்கறேன்...

அட. கழுத்தெலும்புலயா?

...சரி. நான் பேசல. கத்திரி மட்டும் பேசட்டும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேங்க. உங்க வாக்கியமும்... அதேதானா?